கோட்டின் தடிமன்

1

“எழுத்தில் கொடுங்க சார்.”

இதுதான் கதையின் முதல் வாக்கியம். ஓர் அலுவலகத்தில், ஒரு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருத்தி இதைச் சொல்கிறாள். முடியாது என்றால் முடியாது என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்கிறாள். இதை எங்கேயும் யாரிடமும் கேட்டுவிடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள்.

“சத்தம் போடு, பரவாயில்ல. அழு, அதுவும் பரவாயில்ல. ஆனா எழுதிக் குடுன்னு மட்டும் கேட்டுடாத. கேட்டா அவங்க பேனாவ எடுக்கணும். பேனாவ எடுத்தவன் உன் மூஞ்சிய மறக்க மாட்டான்.”

முப்பத்தோரு வருடமாக அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் சொன்ன புத்திமதி இது. அவர் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் கதை கெட்டுவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நானே இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைக்கிறேன். நான் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். பயிற்சி வகுப்பில் கட்டுரைத் தலைப்பு கொடுத்தார்கள்: ‘சமூகத்தில் திறமையான பொது நிர்வாகத்தின் முக்கியத்துவம். நானூறு சொற்களுக்கு மிகாமல்.’

‘பொது நிர்வாகம் என்பது ஒரு நாட்டின் முதுகெலும்பு—’ என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். முதுகெலும்பாம். எனக்குத் தெரிந்த ஒருத்தியின் அம்மா கணுக்கால் எலும்பு உடைந்து ஐந்து வாரமாகக் கிடக்கிறாள். அதை எழுதினேன். நானூறு சொற்களைத் தாண்டிப் போய்விட்டது. ஆசிரியர் சிவப்பு மையில், ‘கோபம் அதிகம். விஷயத்துக்கு வரவும்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

சரி. வருகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘மழைக்கு முந்தைய காற்று அந்தத் தெருவில் ஒரு ரகசியத்தைப் போல—’

வேண்டாம். அந்தத் தெருக் காற்றில் ரகசியம் ஒன்றும் இல்லை. நாற்றம்தான் இருந்தது, அதுவும் எல்லோருக்கும் தெரிந்த நாற்றம்.

இரண்டாவது முயற்சி:

‘பழைய சோப்புக் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் தெருவில் வடக்கே இருபத்துமூன்று வீடுகள், தெற்கே இருபத்துமூன்று வீடுகள். நடுவில் ஒரு சாக்கடை மூடி.’

இது இருக்கட்டும். பாதாளச் சாக்கடைக்குப் போட்டிருந்த கான்கிரீட் மூடி, ஒரு மணல் லாரி ஏறியதில் இரண்டாகப் பிளந்து உள்ளே விழுந்தது. ஆள் இறங்கும் அளவுக்குக் குழி. தெருவிளக்கு எரிந்து ஆறு வருடம் ஆகிறது. மூன்றாம் நாள் விடியற்காலையில், ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குக் கிளம்பிய அம்மா, ஒரு கால் தரையிலும் ஒரு கால் குழியிலுமாக விழுந்தாள். கணுக்காலில் தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். பிறகு தெருக்காரர்கள் ஓர் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைகீழாகக் குழிக்குள் செருகி, காலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார்கள்.

[அடிக்குறிப்பு: அந்த நாற்காலிதான் இந்தக் கதையில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே பொதுத்துறை.]

மழை வந்தால் அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நாற்காலி மிதக்கும். குழி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்தத் தெருவில் பத்தொன்பது பேர். மழைக்கு மூன்று வாரம்கூட இல்லை. கதையில் பிரச்சினை இவ்வளவுதான்: ஒரு மூடி வேண்டும்.

3

அவள் அலுவலகத்துக்குப் போனாள். ஒரே கூடத்தில் இரண்டு மேசைகள், நடுவில் ஒரு பீரோ. இந்தப் பக்கம் ஏழாம் வார்டு அதிகாரி, அந்தப் பக்கம் எட்டாம் வார்டு அதிகாரியம்மா. இருவருக்கும் ஏழு, எட்டு என்றே பெயர் வைத்துவிடுகிறேன். அவர்களும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். இருவருக்கும் ஒரே பசைப் புட்டிதான். பீரோவின் மேல் வைத்துப் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள்.

“எந்தத் தெரு?” என்றார் ஏழு.

“சோப்புக் கம்பெனிக்குப் பின்னாடி சார்.”

“ஓ” என்றார். அந்த ‘ஓ’வில் ஒரு களைப்பு இருந்தது. எழுந்து போய், சுருட்டி வைத்திருந்த வரைபடத்தைக் கொண்டு வந்து விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு பேப்பர்வெயிட் வைத்தார். “பாரும்மா. கோட்டுக்கு மேல இருக்கிற வீடுங்க எனக்கு. கீழ இருக்கிறது மேடத்துக்கு.”

“தெரு சார்?”

“தெரு இங்க…” விரலை வைத்தார். எடுத்தார். விரல் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு மட்டும்தான் இருந்தது.

“காணோமே சார்.”

“கோட்டுக்கு அடியில இருக்கு.”

“அப்போ அந்தக் கோடு யாரோடது?”

பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டு பதில் சொன்னார்: “கோடு யாரோடதும் இல்லம்மா. கோடு கோடுதான்.”

சிரிக்காதீர்கள். நான் சிரித்துப் பார்த்துவிட்டேன், பிரயோசனம் இல்லை. விஷயம் இதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வார்டுகளைப் பிரித்தபோது, எல்லைக் கோட்டைத் தடித்த பேனாவால் போட்டுவிட்டார்கள். தாளில் அந்தக் கோட்டின் அகலம் ஒரு தீக்குச்சியின் தடிமன். அந்தக் கணக்கைத் தரைக்குக் கொண்டுவந்தால் நாற்பதடி. தெரு இருபத்திரண்டு அடி. அதனால் வீடுகளுக்கு வார்டு உண்டு. தெருவுக்கும், தெருவிலுள்ள விளக்குக்கும், தெருவுக்கு அடியிலுள்ள சாக்கடைக்கும் வார்டு கிடையாது.

“மனு குடுத்தோமே சார். பதினேழு மனு.”

“எல்லாம் வந்துச்சு. எனக்கு வந்தா, எல்லைக்கு வெளியேன்னு எழுதி மேடத்துக்கு அனுப்புவேன். மேடம் அதையே எழுதி எனக்கு அனுப்புவாங்க. ரூல் அப்படி.”

பீரோவைச் சுற்றி எட்டு அடி. பதினேழு மனுக்களும் அந்த எட்டடியைப் போகவும் வரவுமாக நடந்திருக்கின்றன.

“மெல்லிசா வேற கோடு போட்டுடலாமே சார்?”

ஏழு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போடலாம். அதுக்கு மூலப்படத்தை எடுக்கணும். எடுத்தா, யாரு போட்டா, ஏன் இப்படிப் போட்டான்னு விசாரணை வரும். சும்மா எடுக்க முடியாது. இந்தத் தெரு யாரோடது, எழுத்துல பதில் சொல்லுன்னு யாராவது கேட்டா, நான் பதில் எழுதியே ஆகணும். பதில் எழுத மூலப்படத்தைப் பார்த்தே ஆகணும். இத்தனை வருஷத்துல எல்லாரும் மூடி கேட்டிருக்காங்க, லைட் கேட்டிருக்காங்க. அதை மட்டும் யாரும் கேட்டதில்ல.”

அவள் வாயைத் திறந்தாள்.

கதையின் முதல் வாக்கியத்தை இங்கேதான் வைக்க வேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.

4

ஏழாம் வார்டு அதிகாரியைப் பற்றி எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

முதல் பிரதியில் அவருக்குத் தொப்பை வைத்திருந்தேன். விரலில் தங்க மோதிரம் போட்டேன். ‘அவர் மேசை இழுப்பறையை லேசாகத் திறந்து வைத்து, அர்த்தத்தோடு—’ என்றுகூட எழுதினேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனிதர் எதையும் எதிர்பார்க்கவில்லை. உட்காரச் சொன்னார். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கண் எரிச்சலோடு, மாலை ஆறு மணி வரை உட்கார்ந்து கோப்புகளைப் படிக்கிற ஆள்.

அவர் லஞ்சம் கேட்டிருந்தால் இந்தக் கதையை நான் இரண்டே பக்கத்தில் முடித்திருப்பேன். ஆத்திரத்துக்கு ஒரு முகம் கிடைத்திருக்கும். இங்கே எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் விதிப்படி நடக்கிறார்கள், நடுவில் ஒரு குழி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. கெட்டவனே இல்லாத கதையில் யாரைத் திட்டுவது? வாசகர்களாகிய உங்களைத்தான் திட்ட வேண்டும் போலிருக்கிறது.

[அடிக்குறிப்பு: எட்டைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அவர் எழுந்து வரவே இல்லை. பீரோ மறைத்துவிட்டது.]

5

இன்னொரு ஆளை நான் கதைக்குள் கொண்டுவரவே இல்லை. அவர் ஆரம்பத்திலிருந்து கூடத்தின் வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்.

கடைநிலை ஊழியர். கோப்புகளை மேசைக்கு மேசை தூக்கிக்கொண்டு போகிறவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘நேர்கோடு’. அச்சடித்த பதிவேடுகள் வராத காலத்தில், வெற்றுத்தாள் பதிவேடுகளுக்கெல்லாம் அவர்தான் கோடு போடுவார். ஓர் அடி ஸ்கேல், ஒரு பேனா. இருநூறு பக்கம் போட்டாலும் ஒரு கோடு இம்மி விலகாது. எழுத்து அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மற்றவர்கள் எழுதுவதற்கான இடத்தை அவர்தான் செய்து கொடுத்தார்.

“யோவ் நேர்கோடு, இதைக் கொண்டு போய் மேடம்கிட்ட குடு.” “வந்துட்டேன் ஐயா.” அந்தப் பதினேழு மனுக்களையும் பீரோவைச் சுற்றி எட்டடி சுமந்து போனவர் அவர்தான்.

அவள் வாயைத் திறந்தபோது வாசலிலிருந்து அவர் கண்ணைக் காட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அவர் அவளுடைய அப்பா. எழுதிக் கேட்காதே என்று சொல்லி வளர்த்தவர்.

சொல்லிவிட்டேன். இதை நான்கு பிரதிகளில் மறைத்தேன். மூன்றாம் பிரதியில் அவரை ‘முகம் தெரியாத ஒரு பியூன்’ என்று எழுதினேன். அந்தத் தாளை மட்டும் கிழித்துப் போட்டேன். அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

6

ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா காலை முக்காலியின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு பூண்டு உரித்தாள். அப்பா சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏன்ப்பா அன்னிக்கு கண்ணைக் காட்டினீங்க?” என்று அவள் கேட்டாள்.

“எங்க காட்டினேன்? தூசி.”

“ரெண்டு கண்ணுலயும் ஒரே நேரத்துலயா தூசி விழும்?” என்றாள் அம்மா.

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டையின் மடிப்பைத் தடவினார். “அந்தக் கோடு நான் போட்டது” என்றார்.

அம்மாவின் கையில் இருந்த பூண்டுப் பல் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று.

“வரைபடக்காரருக்குக் கையில கட்டு. மறுநாள் காலையில படம் மேலிடத்துக்குப் போகணும். ‘நீதான் நேராப் போடுவியே, போடு’ன்னார். மெல்லிசு நிப்பு பிளந்துபோச்சு. பதிவேட்டு முதுகுல நம்பர் எழுதற பேனா இருந்துச்சு. அதால போட்டேன். வளைவு வளைவா இருந்த எல்லை, பார்த்துப் பார்த்துப் போட்டேன். ஒரு இடத்துல பிசிறு கிடையாது. ‘சபாஷ்’னார். அவர் கையெழுத்தப் போட்டு அனுப்பிட்டார்.”

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்பு. அப்பா விரலில் கறுப்பு மையோடு வந்து, வாசலிலேயே நின்று, “இன்னிக்கு உங்கப்பன் ஊரையே ரெண்டாப் பிரிச்சான், தெரியுமா?” என்றார். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

“நம்ம தெரு அதுக்குள்ள போயிடும்னு எனக்கெப்படித் தெரியும்? தாள்ல பார்க்க அழகாத்தான் இருந்துச்சு.”

“எப்பத் தெரிஞ்சுது?”

“லைட்டுக்கு மனு குடுத்தப்போ. ஆறு வருஷம் ஆச்சு.”

அம்மா நிதானமாகக் கேட்டாள்: “ஏங்க, நம்ம வீட்டை எந்தப் பக்கம் விட்டீங்க?”

“ஏழுல.”

“நல்ல வேளை. குழியில விழாத காலாவது ஏதாவதொரு வார்டுல இருக்கும்.”

“நீ வேற. விசாரணைன்னு வந்தா அந்த வரைபடக்காரரையா கேட்பாங்க? அவர் பெரிய ஆபீசர் ஆயிட்டார். என்னைத்தான் கேட்பாங்க. பியூன் எதுக்குய்யா வரைபடத்துல கை வச்சேன்னு கேட்பாங்க. வெறுங்கையோட வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.” மகள் பக்கம் திரும்பினார். “எட்டு மாசம் பொறும்மா. ரிட்டையர் ஆயிடறேன். அப்புறம் நீ என்ன வேணா எழுதிக் கேளு.”

“மழை எட்டு நாள்ல வருதுப்பா.”

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டு, ஏற்கெனவே இஸ்திரி போட்ட கையை மறுபடி போட ஆரம்பித்தார்.

7

இந்த இடத்தில் கட்டுரை வந்து குறுக்கே நிற்கிறது. வழி விட்டுவிடுகிறேன்.

எனக்கு அந்தக் கோட்டின் மேல் கோபம் இல்லை. தடித்த பேனாவின் மேலும் இல்லை. அந்தப் படத்தின் மூலையில் ஆறு கையெழுத்து இருக்கிறது. வரைந்தவர், சரிபார்த்தவர், மறுபடி சரிபார்த்தவர், பரிந்துரைத்தவர், அங்கீகரித்தவர், பெற்றுக்கொண்டவர். ஆறு பேரில் ஒருவர், ஒரே ஒரு நாள், செருப்பை மாட்டிக்கொண்டு அந்தக் கோட்டின் மேல் நடந்து பார்த்திருந்தால் எங்கள் தெரு—அந்தத் தெரு—கிடைத்திருக்கும். யாரும் நடக்கவில்லை. நடந்தது அப்பா மட்டும்தான். அவரும் தினமும் வீட்டிலிருந்து வேலைக்குத்தான் நடந்தார்.

நிர்வாகம் என்றால் பெரிய விஷயம், சட்டம், திட்டம், மேடை என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். நல்ல நிர்வாகம் என்றால் ஒரு பெண்பிள்ளை விடியற்காலையில் கீழே பார்க்காமல் நடந்து வேலைக்குப் போவது. மூடி இருக்கிறவரை மூடியை யாரும் நினைப்பதில்லை. நினைக்க வைத்தாலே நிர்வாகம் தோற்றுவிட்டது என்று அர்த்தம். தவறு நடந்ததும், அதைச் சரி செய்யப் போகிறவன் முதலில் தண்டனையை நினைத்துப் பயப்படுகிறான் என்றால், அந்தத் தவறு பன்னிரண்டு வருடம் பத்திரமாக இருக்கும். பீரோவில் பூட்டி வைத்ததைவிடப் பத்திரமாக.

இதற்கு மேல் எழுதினால் மறுபடி சிவப்பு மை.

8

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. அவள் எழுத்தில் கேட்கிறாள். மூலப்படத்தை எடுக்கிறார்கள். மேலதிகாரி பெருந்தன்மையாகச் சிரித்து, அப்பாவின் முதுகில் தட்டி, ‘இவ்வளவு நேராகக் கோடு போட்ட கையை—’ சே. இதை எழுதிய கையை முதலில் கழுவ வேண்டும்.

இரண்டாவது முடிவு. அவள் எழுத்தில் கேட்கிறாள். அப்பாவை விசாரிக்கிறார்கள். எட்டு மாதம் மீதி இருக்கையில் அனுப்பிவிடுகிறார்கள். மூடி வருகிறது. அப்பா தினமும் அந்த மூடியைச் சுற்றிக்கொண்டு போகிறார், மிதிப்பதில்லை. இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது முடிவு. அவள் கேட்கவில்லை. மழை வருகிறது. நாற்காலி மிதந்து போகிறது. ஆறாவது வீட்டுப் பெண்குழந்தை, புத்தகப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் ஒவ்வொரு அடியாக—

இதை முடிக்க மாட்டேன். என்னால் முடியாது. நீங்களும் மனசுக்குள் முடிக்காதீர்கள்.

9

இனி ஏமாற்ற வேண்டாம்.

முதல் வாக்கியத்தை அவள் சொல்லவே இல்லை. வாயைத் திறந்தாள், அப்பாவின் கண்ணைப் பார்த்தாள், “சரி சார், ரொம்ப தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வந்து பதினாறு நாள் ஆகிறது. விண்ணப்பம் எழுத வேண்டிய பதினாறு நாளும் அவள் கதை எழுதிக்கொண்டிருந்தாள். எந்த மேசையில் இருந்தாலும் ஒருவர் இப்படித்தான் தள்ளிப்போடுகிறார் போலும்: மும்முரமாக வேறொரு வேலையைச் செய்துகொண்டு. ஏழாம் வார்டு அதிகாரியைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆமாம், ‘எனக்கு’. அவள் என்று எழுதினால் கொஞ்சம் தூரத்தில் இருக்கலாம் என்று பார்த்தேன்.

இன்று காலை அப்பா ஒன்பது மணிக்கே கிளம்பிப் போய்விட்டார். நேற்று நான் விண்ணப்பத்துக்கென்று மேசையில் வைத்திருந்த வெள்ளைத்தாளின் மேல் ஸ்கேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். தாள் முழுக்கக் கோடு போட்டிருந்தார். பென்சிலால். இடப்பக்கம் ஒரு விரல் இடம் விட்டு. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அவ்வளவு மெல்லிசாக. பத்தாம் வகுப்புப் பரீட்சை வரைக்கும் எனக்கு இப்படித்தான் போட்டுத் தருவார்.

இது சம்மதமா, பழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளைத்தாளைப் பார்த்தால் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அவர் கோடு போடாமல் போயிருந்தாலும் நான் இன்று எழுதியிருப்பேன். நேற்றே முடிவு செய்துவிட்டேன். அதைச் சொல்லி அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் முடியாது என்றிருப்பார், வாயால்.

எழுதிவிட்டேன். ‘மேற்படி தெரு எந்த வார்டைச் சேர்ந்தது என்பதையும், வார்டு எல்லைக் கோட்டை வரைந்தவர் யார், சரிபார்த்தவர்கள் யார் யார் என்பதையும் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’ ஆறு கையெழுத்தையும் கேட்டிருக்கிறேன். விசாரணை வந்தால் அந்த ஆறு பேரோடு அப்பாவையும் சேர்த்து ஏழு பேருக்கும் வரட்டும், ஒருவருக்கு மட்டும் வர வேண்டாம்.

இதை ஏழிடம் கொடுத்தால், அவர் படித்துவிட்டு வாசலைப் பார்த்து, “யோவ் நேர்கோடு, இதைப் பதிவுல போட்டுட்டு வா” என்பார். தூக்கிக்கொண்டு போகப் போவதும் அப்பாதான்.

“வானம் இருட்டுதுடி, குடை எடுத்துக்கோ” என்கிறாள் அம்மா. “அப்படியே உங்கப்பா சாப்பாட்டு டப்பாவ வச்சிட்டுப் போயிட்டார், குடுத்துடு.”

“கோபமா இருப்பாரும்மா.”

“இருக்கட்டும். பசியும் இருக்கும்ல.”

ஏழு பேனாவை எடுப்பாரா, அப்பா அந்தத் தாளை எட்டடி சுமப்பாரா, வழியில் நின்றுவிடுவாரா, மூடி முதலில் வருமா, மழை முதலில் வருமா என்பதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கையில் டப்பா, ஒரு கையில் தாள். எனக்குப் பேனா பிடிக்கக் கை இல்லை. பத்து மணிக்கு அலுவலகம் திறந்துவிடுவார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, கோட்டின் மேல் நடந்து போகிறேன்.